பாட்டு நின்றால் உள்ளே வா

பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட நம்மைப் பற்றி நாமே சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள், பாதிப் பொய்யோடு. ஒரே அறையில் நம்மோடு தங்கப்போகிற, முகம் பார்த்திராத ஒரு பெண்ணிடம் அந்த வசதி கிடையாது. அந்தக் காரியத்தை நான் ஒரு மத்தியானம், வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று செய்தேன். போனை வாயருகே வைத்துப் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத எனக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை.

அறை நாகர்கோவிலில், கோட்டாற்றுக் கடைத்தெருவுக்குப் பின்னால். கீழே வீட்டுக்கார உம்மா இருந்தார். மேலே ஒற்றை அறை, இரண்டு கட்டில், ஒரு குளியலறை. யார் புதிதாக வந்தாலும் முதலில் என்னோடு பேசிக்கொள்ள வேண்டும் என்று உம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். "பொறவு அவ இப்பிடி, இவ அப்பிடின்னு எனக்க முன்னால வந்து நிக்கப்படாது" என்பார். அந்தச் சட்டமே என்னால் வந்ததுதான். எனக்கு முன்பு அந்த அறையில் துணையாக இருந்த இருவரும் என்னால் போய்விட்டார்கள். முதலாமவளிடம் விஷயத்தைச் சொல்லாமல் தள்ளிப்போட்டிருந்தேன். அவள் ஒரு காலையில் என்னைப் பார்த்துப் பயந்து, மாலையில் பெட்டியோடு இறங்கினாள். இரண்டாமவளிடம் நானே முன்கூட்டிச் சொன்னேன். மறுநாள் அவளுடைய அம்மா வந்து, என் கையைப் பிடித்து அழுது, மன்னிப்புக் கேட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அன்று முழுக்கக் கடையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

எனக்கு வலிப்பு உண்டு. பதினோரு வயதில் வந்தது. மாத்திரை தினமும் உண்டு. அதையும் மீறி வருடத்தில் மூன்று நான்கு தடவை என்னைக் கீழே தள்ளிவிட்டுப் போகும். இதை இப்போது இப்படி எழுதிவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது.

எங்கள் ஊர் பூதப்பாண்டிப் பக்கம், வயலும் குளமுமான ஊர். அம்மா அதைத் தலைசுத்து என்பாள். மிகவும் நெருங்கின உறவுக்காரர்களிடம் லேசான மயக்கம் என்பாள். மாத்திரைகள் முகத்துக்குப் போடும் குட்டிக்கூரா மாவு டப்பாவுக்குள் கிடக்கும். கல்யாண வீடுகளில் கூட்டத்துக்கு நடுவே அம்மா என்னைப் பார்த்துத் தன் மூக்குத்தியைத் தொடுவாள். மாத்திரை போட்டாயா என்று அர்த்தம். போட்டுவிட்டேன் என்றால் நான் காதைச் சொறிவேன். பதினாறு வருடம் இப்படி மூக்கையும் காதையும் வைத்தே பேசிக்கொண்டோம். எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான். "நாளைக்கு ஒரு ஆலோசனை வரும்போ எவனாவது ஒருத்தன் வாயத் தொறந்தா போரும்." எங்கள் பக்கம் ஆலோசனை என்றால் கல்யாண ஆலோசனை.

நாகர்கோவிலில் வேலை கிடைத்தபோது அம்மா விடமாட்டேன் என்றாள். பிடிவாதத்தில் நான் அவளுடைய மகள்தான் என்பதால் விட்டாள், ஒரு நிபந்தனையோடு. கூடத் தங்குகிற பிள்ளைக்கு மட்டும் விஷயம் தெரிய வேண்டும், வேறு ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது. இரண்டு பேர் போன பிறகு நிபந்தனையில் இன்னொன்றும் சேர்ந்தது. "மூணாவது பிள்ளையும் போச்சுன்னா பெட்டியக் கட்டிட்டு வந்திரணும். கடையும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம்."

கண்ணாடி வேண்டாம் என்பது சும்மா சொல்லிவிடலாம். கண் பரிசோதிக்கிற நாற்காலிக்கு எதிரே நின்றவர்களுக்குத்தான் அது தெரியும். ஐம்பது வயது வரைக்கும் உலகமே கொஞ்சம் கலங்கலானது என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்த ஒருவர், புதுக் கண்ணாடியோடு கடை வாசலுக்குப் போய், எதிர்க்கடைப் போர்டில் கடைசி வரியில் இருக்கும் சின்ன எழுத்தை வாசிப்பார். பிறகு வேப்பமரத்தைப் பார்ப்பார். இலை தனித்தனியாகத் தெரியுதே என்பார். நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார என்னால் ஆகாது.

ஆகவே மொட்டைமாடியில் நின்று பேசினேன். அவள் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். உம்மா கொடுத்த நம்பர் கையில் இருந்தது.

முதலில் சில்லறை விஷயங்களைச் சொன்னேன். கவிழ்ந்து கிடக்கும் செருப்பைக் கண்டால், அது யாருடையதானாலும், நிமிர்த்திப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். கோயில் வாசலில் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது கடைப் போர்டுகளை வாய்விட்டு வாசிப்பேன். இரண்டு சேலையைக் காட்டி எது நல்லா இருக்கு என்று கேட்டால், இது தெளிவா அது தெளிவா என்று திருப்பிக் கேட்பேன். அது கடைப் பழக்கம். பெயர் வெட்டின பாத்திரத்தில் என்னால் சாப்பிட முடியாது. தட்டின் விளிம்பில் யாரோ ஒரு மாமாவும் அத்தையும் அன்பளிப்புக் கொடுத்ததாக எழுதியிருந்தால், கூப்பிடாத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்த மாதிரி சோறு இறங்காது. மட்டி வாழைப்பழம் ஒற்றையாகத் தின்னமாட்டேன், இரண்டாகத்தான் தின்பேன். காரணம் கேட்காதே என்றேன்.

பிறகு குளியலறைக்கு வந்தேன். நான் தாழ்ப்பாள் போடமாட்டேன், கதவைச் சும்மா சாத்தி வைப்பேன், உள்ளே இருக்கும்வரை பாடிக்கொண்டே இருப்பேன் என்றேன். குரல் ஒன்றும் நல்ல குரல் இல்லை. பாட்டுத் தீர்ந்துபோனால் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுவேன். என் பாட்டுக் கேட்கிற வரைக்கும் நீ உன் வேலையைப் பார்க்கலாம், பாட்டு நின்றால் உள்ளே வா என்றேன்.

அந்த ஏற்பாடு அம்மாவினுடையது. வயது வந்த பெண் தாழ் போடாமல் குளிக்க வேண்டும். அம்மா வாசலில் நின்று காவல் காத்தால் பக்கத்து வீட்டில் கேள்வி வரும். அதனால் பாடு என்றாள். அவள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். மூச்சு வாங்க நான் ஒரு வினாடி நிறுத்தினால் துருவுகிற சத்தமும் நிற்கும். மறுபடி நான் பாடினால்தான் அது மறுபடி கேட்கும்.

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வை, வாயில் ஒன்றும் திணிக்காதே, கையில் கொடுக்க இரும்புச் சாவி தேடி ஓடாதே, மணியைப் பார்த்துக்கொண்டு கூடவே இரு, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடு, கோபப்படமாட்டேன் என்று ஒரு பொய்யும் சொன்னேன். கடைசியாக, "இத நீ மட்டும் கேட்டுக்கோ. வேற யாருக்கும் தெரியப்படாது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல்ல" என்று முடித்து அனுப்பினேன்.

சாயங்காலம் கடை அடைத்துவிட்டு நடந்து வரும்போது போனைத் திறந்தேன். ஏழெட்டுக் குரல் செய்திகள் கிடந்தன. முதலாவதை அழுத்தினேன். முதலில் அலைச்சத்தம். பிறகு அந்த அலையையே அதட்டுகிற மாதிரி ஒரு குரல்.

"மோளே, நான் அவளுக்க அம்மையாக்கும். ஒனக்க சேதிய நாங்க எல்லாரும் கேட்டோம்."

எல்லாரும் என்றால் யார் என்று இரண்டாவது செய்தியில் அறைக்கு வரப்போகிறவளே சொன்னாள். மூச்சிரைக்கப் பேசினாள். "அக்கா, மன்னிச்சிருங்க. எனக்க போனு ஒடஞ்சு ரிப்பேருக்குக் கெடக்கு. உம்மாகிட்ட குடுத்தது அம்மைக்க நம்பரு. இங்க அலைச்சத்தத்துல போன காதுல வச்சா ஒண்ணும் கேக்காது, எப்பளும் ஸ்பீக்கர்லதான் போடுவோம். முத்தத்துல மீன் காயப் போட்டுட்டு நிறைய பேரு இருந்தாவ. நீங்க தனியா கேக்கச் சொன்னது கடசியிலல்லா அக்கா? மொதல்ல சொல்லியிருந்தா பாறைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிக் கேட்டிருப்பேன்."

நான் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்றுவிட்டேன். பதினாறு வருடம் அம்மா மாவு டப்பாவுக்குள் பூட்டி வைத்ததை நான் ஒரு கடற்கரைக்கே ஒலிபரப்பியிருக்கிறேன். போனைச் சாக்கடையில் எறியலாம் என்று வந்தது. அவள் மேல் கோபம், அவள் அம்மை மேல் கோபம், கடல் மேல் கோபம். ரகசியத்தை முதலில் சொல்லாமல் கடைசியில் சொன்ன என் புத்தியைச் செருப்பால் அடிக்கத் தோன்றியது. அறைக்குப் போய்க் கட்டிலில் குப்புற விழுந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு, பாழாய்ப்போன ஆர்வம் விடாமல், மிச்சத்தையும் கேட்டேன்.

யாரோ ஒரு பக்கத்து வீட்டுப் பெண், தட்டில் பெயர் இருந்தால் என்ன, இலையில் சாப்பிடலாமே என்று யோசனை சொல்லியிருந்தாள். இன்னொருத்தி பதினாறாம் வாய்ப்பாடு தனக்கும் வரும் என்று பாதிவரை சொல்லிக் காட்டி, நடுவில் தப்பினாள். பின்னால் ஆட்கள் சிரித்தார்கள். ஒரு ஆண்குரல், தான் விடுகிற குறட்டைக்குப் பயந்து மருமகன் விருந்துக்கு வருவதில்லை என்று பெருமையாகச் சொன்னது. கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது. இவர்கள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. நான் என்னைப் பற்றிச் சொன்னேன், பதிலுக்கு அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்கிறார்கள்.

கடைசிச் செய்தி மறுபடியும் அவள் அம்மையுடையது. "மோளே, எனக்க அண்ணனுக்கும் இந்த வலிப்பு உண்டு. அவன் கடலுக்குப் போவான். இடுப்புல ஒரு கயிறு கெட்டியிருப்பான், அதுக்கத் தும்பு பக்கத்துல இருக்கியவனுக்க கையில. வந்துச்சுன்னா சரிச்சுப் படுக்கப் போட்டுட்டு மத்தவங்க வலைய இழுப்பாவ. தெளிஞ்சா அவனும் எந்திச்சு இழுப்பான். கடக்கரையில எல்லாருக்கும் தெரியும். அதுகொண்டு அவனால போவ முடிஞ்சுது. நீ ஒண்ணும் வெப்ராளப்படாத."

எல்லாருக்கும் தெரியும், அதுகொண்டு அவனால் போக முடிந்தது. அந்த இடத்தை எத்தனை தடவை திருப்பிக் கேட்டேன் என்று தெரியாது. எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது, அதுகொண்டு நான் குளத்துக்குப் போனதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போனதில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்ததில்லை. அதே வியாதியோடு ஒரு மனிதர் கரை தெரியாத தண்ணீரில் இடுப்புக் கயிற்றோடு நின்று வலை இழுத்திருக்கிறார். டாக்டர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார் என்பதும் தெரியும். இருந்தாலும் அந்த மனிதரை நினைத்து நான் மலைத்துப்போய்க் கிடந்தேன். அம்மாவிடம் மட்டும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். ஒல்லியான பெண். குரல் மட்டும் அவள் அம்மையுடையது. பெட்டியை வைத்துவிட்டு முதல் வேலையாக, "நானும் என்னப் பத்திச் சொல்லணும்லா?" என்றாள். அவளுக்கு அமைதியில் உறக்கம் வராது. பிறந்ததிலிருந்து அலைச்சத்தம் இல்லாமல் உறங்கினதில்லை. எங்கள் அறை மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொள்ளும். அதற்கு எண்ணெய் விடச் சொல்லி நான் உம்மாவிடம் நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவள் அண்ணாந்து பார்த்து, கேட்டு, "இது போரும்" என்றாள். அன்றோடு நான் நச்சரிப்பதை விட்டேன்.

பிறகு கொஞ்சம் தயங்கி, "மீன் பொரிச்சா ஒங்களுக்குக் கொழப்பம் உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். எங்களுடையதற்கு முன்னால் அவள் பார்த்த அறைகளிலெல்லாம், கடற்கரை ஆள் என்றதும் இடம் இல்லை என்றிருக்கிறார்கள். சத்தம் போடுவீர்கள், மீன் நாறும் என்றிருக்கிறார்கள். "எங்க ஊரு கடியப்பட்டணம். அத உள்ள தள்ளி இருக்கிய மணவாளக்குறிச்சின்னு மாத்திச் சொல்லலாம்னு வச்சிருந்தேன் அக்கா. ஒங்க சேதியக் கேட்டபொறவு அது வெக்கமாட்டு தோணிச்சு." சொந்த ஊரின் பெயரை மறைக்க வேண்டிவந்த பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, பிடித்துக்கொண்டேன்.

அவளோடு இருந்த அந்த மாதங்கள் எனக்குத் தினமும் ஒரு ஆச்சரியம். அவள் ஊருக்குப் பேசும்போது போனை மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவாள். யாருக்கு மூட்டுவலி, யாருக்கு வயிறு சரியில்லை, யாருக்கு மாதவிலக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரு தெருவின் உடம்பு முழுக்க எங்கள் அறைக்குள் வந்துவிடும். ஒருத்தருக்கும் கூச்சம் கிடையாது. கடைசியில், "அந்த அக்கா பாடுதாளா?" என்று ஒரு கேள்வி எனக்காக வரும். நான் குளியலறைக்குள்ளிருந்து பதில் சொல்லாமல் இன்னும் உரக்கப் பாடுவேன். முதல் மாதம் வெட்கமாக இருந்தது. பிறகு அந்தக் கேள்வி வராத நாளில் எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை என் பாட்டு நின்றது. எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் ஒருக்களித்துக் கிடந்தேன். மேலே போர்வை இருந்தது, தலைக்கு அடியில் அவளுடைய பள்ளிக்கூடச் சேலை மடித்து வைத்திருந்தது. உம்மா கையில் கொத்துச்சாவியோடு நின்றார். அவள், "சாவி வேண்டாம் உம்மா, அக்கா அன்னைக்கே சொன்னாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ரெண்டு நிமிசம் கூட இல்ல அக்கா. பதினாறெட்டு நூத்தியிருபத்தெட்டுல நின்னீங்க" என்றாள். பல் துலக்கினேன் என்று சொல்கிற குரலில் சொன்னாள். பயந்த முகங்களைப் பார்த்தே கண் விழித்துப் பழகியவள் நான். பயமில்லாத ஒரு முகத்தைப் பார்த்து விழிப்பது அதுதான் முதல் தடவை.

அவள் என் அம்மாவுக்கும் போன் செய்திருந்தாள். சாயங்காலம் அம்மா ஒரு பெரிய காலிப் பையோடு படியேறி வந்தாள். என்னைத் தடவிப் பார்த்தாள், முட்டியில் பட்ட காயத்துக்கு எண்ணெய் போட்டாள், அவளுக்கு நன்றி சொன்னாள். பிறகு குரலைத் தணித்து, "மக்கா, இது வேற யாருக்கும் தெரியாதுல்லா?" என்றாள்.

சொல்லிவிடாதே என்று நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவளுக்குப் பொய் வராது. "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் அம்மா" என்றாள்.

அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை, திட்டவில்லை. என்னிடம், "சாமானத்த எடுத்து வை" என்றாள். மாட்டேன் என்றேன். மூணாவது பிள்ளை போகவில்லையே, நிபந்தனை அது இல்லையே என்று வாதாடினேன். அம்மா காதில் வாங்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை. கடியப்பட்டணத்துக்குப் போய் அந்த அம்மையைப் பார்த்து, விஷயத்தை இதற்கு மேல் வெளியே விடாதீர்கள் என்று காலில் விழுந்தாவது கேட்பது, அங்கிருந்து வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டாள். அம்மா முடிவு செய்தால் முடிவு செய்ததுதான்.

நாங்கள் மூன்று பேரும் காலை பஸ்ஸில் போனோம். அம்மா விசேஷ வீட்டுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள், கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். போய்ச் சேர்ந்தபோது வள்ளங்கள் கரை சேர்ந்து, மணலில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் விடுகிறவரின் குரல், காக்கை, காற்று, எல்லாவற்றுக்கும் மேலே அலை. அவள் அம்மை குவிந்து கிடந்த நெத்திலியின் முன்னால் உட்கார்ந்து வகை பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

அம்மா அவரைச் சற்று ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போக முயன்றாள். கடற்கரையில் ஏது ஒதுக்குப்புறம். வாயை அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் என்னவோ சொன்னாள்.

"கேக்கல்ல அக்கா" என்றார் அவர்.

அம்மா மறுபடி சொன்னாள்.

"காத்தாக்கும். உரக்கச் சொல்லுங்க."

என் அம்மா வாழ்நாளில் உரக்கப் பேசினவள் இல்லை. வயலில் வேலைக்காரர்களைக் கூப்பிடக்கூடக் கை தட்டுவாள். மூன்றாவது தடவையும் சொன்னாள், அதுவும் அலையில் போயிற்று. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கண் கலங்கியது. நான் வேண்டாம் அம்மா என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள்.

"எம் மவளுக்கு வலிப்பு உண்டு! அத வெளிய சொல்லிராதீங்க!"

அந்த நேரம் பார்த்து அலை பின்வாங்கியிருந்தது. ஏலக்காரரும் அடுத்த கூடைக்காக நிறுத்தியிருந்தார். அம்மாவின் குரல் மணலைக் கடந்து போய், வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. என் அம்மாவின் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெட்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. என் அம்மாவுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்பதைத்தான் நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெத்திலிக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "அது தெரியுமே. நேத்து வந்துச்சாமே, இப்ப எப்பிடி இருக்கு பிள்ளைக்கு?" என்று கேட்டாள். அம்மா திகைத்து, கொள்ளாம், பரவாயில்லை என்றாள். இன்னொருத்தி மருந்து மாற்றினார்களா என்று கேட்டாள். அம்மா அதற்கு இரண்டு வார்த்தை சொன்னாள். எந்த வயதில் வந்தது என்று மூன்றாமவள் கேட்க, அம்மா உட்கார்ந்துவிட்டாள். விசேஷச் சேலையோடு ஈர மணலில் உட்கார்ந்து, முதல் தடவை நான் அடுக்களையில் விழுந்ததிலிருந்து ஆரம்பித்தாள். கோயில் கோயிலாக என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தது, கட்டின கயிறுகள், பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய்கள், தேங்காய் துருவியபடி காது கொடுத்து நின்றது என்று எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கே தெரியாதது நிறைய இருந்தது. நான் உறங்கும்போது என் மூச்சைப் பார்ப்பதற்காக அவள் எவ்வளவு காலம் என் கட்டில் காலில் சாய்ந்தே உறங்கியிருக்கிறாள் என்பதை அந்தக் கடற்கரையில்தான் கேட்டேன்.

வலை மடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். தலை நரைத்த, தோள் அகன்ற மனிதர். அவர்தான் அந்த அண்ணன் என்று சொல்லாமலே தெரிந்தது. அம்மாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "வலிப்பு வாறவனுக்கு ஒண்ணும் தெரியாது அம்மா. விழுவோம், எந்திப்போம். பாத்துட்டு நிக்கியவங்களுக்குத்தான் பாடு. ஒங்களுக்கு ஒடம்பு எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

பதினாறு வருடத்தில் அம்மாவை யாரும் கேட்காத கேள்வி அது. நானும் கேட்டதில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெண்கள் யாரும் அழாதே என்று சொல்லவில்லை. நெத்திலியைப் பிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தார்கள்.

மத்தியானம் அவர்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் தந்தார்கள். என் தட்டின் விளிம்பில் யாரோ இரண்டு பேரின் பெயர் வெட்டியிருந்தது. அதை வாசித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன், இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் நாகர்கோவில் வந்து இறங்கினோம். பெட்டியை எடுக்கக் கோட்டாற்றுக்குப் போக வேண்டும் என்று அம்மா சொல்வாள் என்று நான் பயந்துகொண்டே நடந்தேன். அவள் எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்துக்கு நேரே போனாள். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நல்ல கூட்டம். சனிக்கிழமை என்பதால் எங்கள் ஊர்க்காரர்கள்கூட நாலைந்து பேர் உள்ளே இருந்தார்கள்.

பஸ் உறுமியது. அம்மாவின் கை மூக்குத்திக்குப் போனது. என் கையும் பழக்கத்தில் காதுக்குப் போனது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மூக்குத்தியிலிருந்து கையை எடுத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டினாள்.

"ஏட்டி, வலிப்பு மாத்திரை போட்டியா?"

பஸ்ஸுக்குள் தலைகள் திரும்பின. "போட்டேம்மா" என்று நானும் கத்தினேன்.